இட்லி எங்கே போகிறது? செரிமானத்தையும் ஆற்றலையும் ஒரே பாடமாக நடத்த ஒரு வழிகாட்டி

ஏழாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தி முடித்த மறுநாள், கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதிப் போட்டேன்: "நேற்று காலை நான் சாப்பிட்ட நாலு இட்லி இப்போது எங்கே?" பாதிக்கு மேற்பட்டவர்கள் நமுட்டுச் சிரிப்போடு எழுதிக் கொடுத்த பதில், "வெளியே போயிருக்கும் சார்." வாய் முதல் மலவாய் வரை உறுப்புகளின் வரிசையில் ஒருவரும் பிசகவில்லை. ஆனால் அவர்களைப் பொறுத்தவரை உடம்பு ஒரு நீளமான குழாய். மேலே போட்டது கீழே வருகிறது. நடுவில் எங்கேயோ 'சத்து' என்று ஒன்று பிரிகிறது.

தப்பு அவர்களுடையதில்லை. பாடத்தை நான் மலவாயில் கொண்டுபோய் முடித்திருந்தேன். செல் ஒரு பாடம், சுவாசம் ஒரு பாடம், ஆற்றல் இயற்பியல் பக்கம் என்று சிதறிக் கிடப்பதை அவர்களாகவே கோத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தது என் பிழை. அடுத்த வருடம் வரிசையை மாற்றினேன். இட்லியில் தண்ணீர் போக மீதியின் பெரும்பகுதி கழிவறைக்குப் போவதே இல்லை, மூச்சில் போகிறது. அந்த இடம் வரும்வரை பாடத்தை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆறு பாடவேளை பிடிக்கும். பெரிய ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தலாம்.

தொடங்கும் முன்

தேவையானவை பெரும்பாலும் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைப்பவைதான். சத்துணவுக் கூடத்திலோ வீட்டிலோ வடித்த கஞ்சி கொஞ்சம், புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் கரைசல், வினிகர், தேங்காய் எண்ணெய், பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம், வெற்றிலைச் சுண்ணாம்பு, உறிஞ்சு குழல், வறுத்த நிலக்கடலை, ஒரு வெப்பமானி, ஒரு பழைய புடவை, ஒரு பூத்துவாலை, ஒரு பழைய சைக்கிள் டியூப், காற்றடிக்கும் பம்பு. சுண்ணாம்பை மட்டும் முதல் நாளே தயார் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கி, மூடி, இரவு முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வேறு பாட்டிலில் ஊற்றி இறுக மூடிவிடுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கிவந்து மாணவர்கள் முன்னால் தண்ணீர் ஊற்றும் வேலை வேண்டாம். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று வகுப்பைச் சுற்றிக் கேட்டு இந்தப் பாடத்தைத் தொடங்காதீர்கள். ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை பொய் சொல்லும், அல்லது தலை குனியும். பாடம் முழுக்க நான் சாப்பிட்ட இட்லி, அதன் மேல் பொடி, நல்லெண்ணெய் என்றே பேசுவேன். அரிசி மாவுச்சத்து, உளுந்து புரதம், எண்ணெய் கொழுப்பு. மூன்றும் ஒரே தட்டில் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளை எடை போடுவதும், யாரையாவது குண்டு, ஒல்லி என்று உதாரணம் காட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

முதல் வேளை: அவர்கள் மனதில் இருக்கும் படம்

நாலைந்து செய்தித்தாள்களை ஒட்டி, ஒரு மாணவனை அதன் மேல் படுக்கவைத்து உருவத்தை வரைந்துகொள்ளுங்கள். குழுவுக்கு ஒரு உருவம். புத்தகத்தைத் திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களே வரையட்டும். திருத்தாதீர்கள். வரைந்து முடித்ததும் சுவரில் மாட்டி, கடைசி வேளை வரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மூன்று பிழைகள் எந்த வகுப்பிலும் வரும். முதலாவது, தொப்புளைச் சுற்றி ஒரு பெரிய பை. இதற்குக் காரணம் நம் மொழி. 'வயிறு' என்று நாம் முழு நடு உடம்பையும் சொல்கிறோம், உள்ளே இருக்கும் பையையும் சொல்கிறோம். இரைப்பை என்ற சொல்லைப் பரீட்சைக்கு மட்டும் எழுதுகிறோம். ஆகவே இடது கையை இடப்பக்க விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். இரைப்பை இருப்பது அங்கே. தொப்புளைச் சுற்றி இருப்பது குடல். 'வயிற்று வலி' என்று தொப்புளைக் காட்டுகிறவனுக்கு வலிப்பது பெரும்பாலும் இரைப்பை அல்ல என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. இலங்கைப் புத்தகங்களில் செரிமானத்துக்குச் 'சமிபாடு' என்று பெயர். இணையத்தில் தேடும் மாணவர்களுக்கு அந்தச் சொல்லையும் சொல்லி வைத்தால் நல்ல படங்கள் கிடைக்கும்.

இரண்டாவது, சோற்றுக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். சிறுநீர் வேறு வழியாக வருவதால் இப்படி ஊகிக்கிறார்கள். தர்க்கம் சரியானதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தண்ணீரும் குடலுக்கே போய், அங்கிருந்து ரத்தத்துக்கு ஏறி, சிறுநீரகம் அதை வடிகட்டிய பிறகே சிறுநீராகிறது என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, மூச்சுக்குழலை வரையவே மறந்துவிடுவது. இதற்குப் புரையேறுதலைவிட நல்ல பாடம் கிடையாது. "யாரோ நினைக்கிறாங்க" என்று வீட்டில் தலையில் தட்டுவார்களே, அந்த நேரத்தில் தொண்டைக்குள் என்ன நடந்தது? விழுங்கும்போது குரல்வளை மேலேறி, 'குரல்வளை மூடி' என்ற சிறு மடல் மூச்சுப் பாதையை மறைக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தால், பேசினால் அந்தக் கணக்கு தப்புகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். குரல்வளை ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். வகுப்பே கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுங்கும் காட்சி பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் மறப்பதில்லை.

இரண்டாம் வேளை: ஒரு புடவை நீளம்

"சிறுகுடல் ஆறு மீட்டர்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். ஐந்தரை மீட்டர் புடவையை வகுப்பறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்துப் பிடித்துவிட்டு, அதைச் சுருட்டி ஒரு மாணவனின் சட்டைக்கு முன்னால் வைத்துக் காட்டுங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு. உயிரோடு இருப்பவரின் குடல் தசை சுருங்கியே இருப்பதால் அளக்கும் முறைக்கு ஏற்ப நீளம் குறைந்தும் தெரியும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பெருங்குடலுக்கு ஒன்றரை மீட்டர்த் துண்டு போதும். உணவுக்குழல் இருபத்தைந்து சென்டிமீட்டர். பையில் இருக்கும் முப்பது சென்டிமீட்டர் அளவுகோலைவிடக் கொஞ்சம் குட்டை.

அடுத்த கேள்வி: உணவு கீழே இறங்குவது எதனால்? "கனத்தால் தானா விழுது" என்பார்கள். தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாட்டை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் கீழே, வயிறு மேலே. தண்ணீர் மேட்டில் ஏறித்தானே போகிறது? இந்த ஒரு காட்சி போதும், பெரிஸ்டால்சிஸ், அதாவது குழலின் தசை சுருங்கி உணவைத் தள்ளுவது, புரிந்துவிடும். பிறகு சைக்கிள் டியூபை வெட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு சின்ன உருண்டையைப் போட்டு, பின்னாலிருந்து விரலால் பிதுக்கித் தள்ளிக் காட்டுங்கள். பற்பசையைப் பிதுக்குவதுபோலத்தான். தலைகீழாக நின்று சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ஒருவன் கிளம்புவான். தடுத்துவிடுங்கள், புரையேறும்.

மூன்றாம் வேளை: கஞ்சியும் எச்சிலும்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் நாள் வீட்டுப் பாடமாக, ஒரு கவளம் வெறும் சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருக்கச் சொல்லுங்கள். குழம்பு, உப்பு எதுவும் கூடாது. மறுநாள் பாதிப் பேர் "இனிச்சது" என்பார்கள், மீதிப் பேர் "ஒண்ணும் தெரியல" என்பார்கள். வாதம் நடக்கட்டும். நாக்கை நம்பி முடிவுக்கு வர முடியாது என்ற இடத்தில் அயோடினை எடுங்கள். மாவுச்சத்தின் மேல் அயோடின் பட்டால் கருநீலம். மாவுச்சத்து இல்லையென்றால் அயோடின் தன் பழுப்பு மஞ்சளிலேயே நிற்கும்.

கஞ்சி கெட்டியாக இருந்தால் மணி அடிக்கும்வரை நிறம் மாறாது. ஒரு பங்கு கஞ்சிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சின்னக் கண்ணாடிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி நீர்த்த கஞ்சி. முதல் கோப்பையில் அரைத் தேக்கரண்டி எச்சில், இரண்டாவதில் அதே அளவு தண்ணீர், மூன்றாவதில் எச்சிலோடு கால் தேக்கரண்டி வினிகர். மூன்றையும் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெந்நீர்க் கிண்ணத்தில் வையுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் அயோடினைச் சொட்டுச் சொட்டாக வரிசையாக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு துளி எடுத்து அதன் மேல் விடுங்கள். முதல் கோப்பையின் வரிசையில் கருநீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெறும் மஞ்சளாகிவிடும். மற்ற இரண்டும் கடைசிவரை கருநீலம். எச்சிலை அந்தந்தக் குழுவில் ஒருவரே தருவது, தந்தவரே கோப்பையைக் கழுவுவது, அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்காமலிருப்பது: இந்த மூன்று விதிகளைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது கோப்பைக்கு நான் முதலில் எலுமிச்சைச் சாறுதான் விட்டேன். அமிலம்தானே, எது கிடைத்தால் என்ன என்ற அலட்சியம். எலுமிச்சை விட்ட கோப்பையின் துளி விழுந்ததும் அயோடினின் நிறமே காணாமல் போய்விட்டது. "எலுமிச்சம்பழம்தான் சார் சீக்கிரமா செரிக்க வைக்குது!" என்று பின் வரிசை ஆர்ப்பரித்தது. எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி, அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். மாவு அப்படியே இருக்கும், காட்டிக்கொடுக்கும் நிறம் மட்டும் போய்விடும். அன்று மாலைதான் எனக்கே அது உறைத்தது. வினிகரில் இந்தத் தொல்லை இல்லை. நேரம் இருந்தால் எலுமிச்சையையும் வேண்டுமென்றே ஒரு கோப்பையில் விட்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் புதிராகக் கொடுங்கள். சோதனை ஏமாற்றுவதும் பாடத்தில் சேர்த்திதான்.

இப்போது சொல்ல வேண்டிய சொல் நொதி. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டுகிறது. வினிகர்க் கோப்பையில் அது நின்றுபோயிற்று. அப்படியானால் அமிலம் நிறைந்த இரைப்பைக்குள் போனதும் எச்சிலின் வேலை என்ன ஆகும்? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், கோப்பையைக் காட்டினால் போதும். "அப்போ சோறு வயித்துல செரிக்காதா சார்?" என்று யாராவது கேட்பார்கள். அமிலம் கவளத்துக்குள் ஊறும்வரை கொஞ்ச நேரம் எச்சிலின் வேலை ஓடும், பிறகு நிற்கும், மிச்ச மாவு சிறுகுடலில்தான் உடையும். செரிமானம் என்றாலே இரைப்பை என்ற நினைப்பு உடைவது இங்கேதான்.

நான்காம் வேளை: இரைப்பையும் பித்தமும், கொஞ்சம் வேகமாக

இரைப்பையில் புரதம் உடையத் தொடங்குகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் அங்கே சுரக்கின்றன. அமிலம் வைத்து வகுப்பில் சோதனை செய்ய வேண்டாம், சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. முற்றின ஆட்டுக்கறி வேக மறுத்தால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்கள். அதில் உள்ள பப்பெய்ன் புரதத்தை வெட்டும் நொதி. பெப்சினின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அன்னாசியை நிறையத் தின்றால் நாக்கு எரிவதிலும் இதே போன்ற ஒரு நொதிக்குப் பங்கு உண்டு.

இங்கே ஒரு கதைக்கு இடம் ஒதுக்குவேன். 1822 ஜூன் மாதம், அமெரிக்க ஏரிப் பகுதியில் உள்ள மாக்கினா தீவில், தோல் வணிகத்தில் வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரர் மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பைக்குள் திறக்கும் ஒரு துளை விலாப் பக்கத்தில் ஆறாமலே நின்றுவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அந்தத் துளை வழியாக இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கொரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை எடுத்து வெளியே குப்பியில் வைத்தும் இறைச்சியைக் கரைத்துப் பார்த்தார். 1833இல் புத்தகமாக வெளியிட்டார். இரைப்பை உணவை வெறுமனே அரைப்பதில்லை, வேதிமுறையில் கரைக்கிறது என்பதற்கு அசைக்க முடியாத சான்று கிடைத்தது. "அவருக்கு வலிக்கலையா? அவரு சம்மதிச்சாரா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க விடுங்கள். செயின்ட் மார்ட்டின் போமண்டின் வீட்டில் வேலைக்காரராக இருந்தவர், பிழைப்புக்கு அவரையே நம்பியிருந்தவர். அந்த நிலையில் சம்மதம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஐந்து நிமிடம் பேசுவது பாடத்துக்கு வெளியே போவதாகாது. துளையோடே அவர் 1880 வரை வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரவு தூங்காமல் யோசிப்பார்கள்.

பித்தநீருக்கு இரண்டு பாட்டில் போதும். இரண்டிலும் பாதித் தண்ணீர், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். ஒன்றில் மட்டும் நாலு சொட்டு சோப்புத் திரவம். இரண்டையும் நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். சோப்பு இல்லாததில் எண்ணெய் மீண்டும் மேலே திரளும். மற்றதில் பால்போல் கலந்து நிற்கும். பித்தநீர் செய்வது இதைத்தான். கொழுப்பைச் செரிப்பது கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ். பித்தநீர் அதற்குக் கொழுப்பைப் பொடிப்பொடியாக்கிக் கொடுக்கிறது. கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேமிப்பு. இதை அவர்கள் தலைகீழாக எழுதுவார்கள், பொறுமையாகத் திருத்துங்கள்.

ஐந்தாம் வேளை: சுவரைத் தாண்டுவது

என் அனுபவத்தில் பெரும்பாலான வகுப்புகள் கோட்டைவிடும் இடம் இது. குடலுக்குள் இருக்கும் உணவு இன்னும் உடம்புக்குள் வரவே இல்லை என்று முதலில் சொல்லுங்கள். முழிப்பார்கள். வடையின் ஓட்டை வடைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வாய் முதல் மலவாய் வரை உள்ள குழாயும் அந்த ஓட்டை மாதிரி. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால்தான் 'உள்ளே' வந்ததாகக் கணக்கு. இவ்வளவு பாடுபட்டு உணவை உடைத்ததும் இந்தச் சுவரைத் தாண்டத்தான். மாவுச்சத்து பெரிய மூலக்கூறு, தாண்டாது. அதை உடைத்தால் கிடைக்கும் குளுக்கோஸ் என்ற சின்னச் சர்க்கரை தாண்டும்.

சுவரின் அமைப்புக்குப் பூத்துவாலை. ஒரே அளவில் ஒரு மெல்லிய துணியையும் பூத்துவாலைத் துண்டையும் வெட்டி, அளந்த தண்ணீரில் நனைத்து எடுத்து, எது அதிகம் உறிஞ்சியது என்று பாருங்கள். துவாலையின் நூல் வளையங்கள்தான் குடல் சுவரில் நீட்டி நிற்கும் நுண்விரல்களான குடலுறிஞ்சிகள். "விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு" என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் செரிமானப் பாதை மொத்தமும் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. இறகுப்பந்து (ஷட்டில்) மைதானத்தில் ஏறக்குறைய பாதி. அதுவும் குறைவில்லை, ஒரு வகுப்பறைத் தரையை விரித்து மூடலாம்.

பிறகு ஒரு கணக்கு. யார் வீட்டிலாவது ரத்தச் சர்க்கரைச் சீட்டு இருக்கும். அதில் வெறும் வயிற்றில் 90 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். பெரியவர் உடம்பில் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர், அதாவது 50 டெசிலிட்டர். பெருக்கினால் 4,500 மில்லிகிராம், நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை! அவ்வளவுதான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது. நம்பவே மாட்டார்கள், இரண்டு முறை பெருக்கிப் பார்ப்பார்கள். ரத்தம் மடியில் வைத்திருக்கும் சில்லறை மாதிரி. கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவில் சுமார் நூறு கிராம் இருப்பது பீரோவில் வைத்த பணம். ராத்திரி தூங்கும்போது எடுத்துச் செலவு செய்வது அதைத்தான். கொழுப்பு என்பது நிலம், நகை. அவசரத்துக்கு உடனே கைக்கு வராது, ஆனால் பெருந்தொகை. குளுக்கோஸை உள்ளே விடச் சொல்லும் இன்சுலின் குறைந்தாலோ அது சொல்வதைச் செல்கள் கேட்காவிட்டாலோ, தெருவில் பணம் கொட்டிக் கிடந்தும் வீட்டுக்குள் பட்டினி என்ற நிலை. சர்க்கரை நோயைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள். இந்த இடத்தில் அதை இரண்டு நிமிடம் பேசினால் நன்றாக ஒட்டும்.

பெருங்குடலில் தண்ணீர் திரும்ப உறிஞ்சப்படுகிறது. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர்; மீதியில் நார்ச்சத்தும் ஏராளமான பாக்டீரியாக்களும். "அப்படின்னா இட்லி அதுல எங்க சார்?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆறாம் வேளை: எரியும் கடலை, வெளியேறும் மூச்சு

இதற்கு இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்க முடிந்தால் நல்லது. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

உருளைக்கிழங்குத் துண்டில் ஊசியைக் குத்தி, அதன் முனையில் வறுத்த நிலக்கடலைப் பருப்பு ஒன்று. மேலே சோதனைக்குழாயில் இருபது மில்லி தண்ணீர், வெப்பமானி. கடலையைப் பற்றவைத்து உடனே குழாய்க்கு அடியில் தள்ளுங்கள். ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டியது இது, காற்றோட்டமான இடத்தில். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு பருப்பு இரண்டு மூன்று நிமிடம் நின்று எரியும். நாங்கள் செய்தபோது 31 டிகிரியிலிருந்து 64க்கு ஏறியது. இருபது கிராம் தண்ணீர், 33 டிகிரி, 660 கலோரி. உறையில் போடும் கணக்கில் 0.66 கிலோகலோரி. அரை கிராம் கடலையில் சுமார் 2.8 கிலோகலோரி இருக்க வேண்டும். மீதி எங்கே? காற்றைச் சூடாக்கியது, குழாயைச் சூடாக்கியது, கரியாக மிஞ்சியது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்பு 9 என்பதையும் இங்கேயே சொல்லி, பிஸ்கட் உறையை வாசிக்கவிடுங்கள்.

எட்டாம் வகுப்பாக இருந்தால் இன்னொரு கணக்கு. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மீட்டர் உயர மாடி ஏற ஏறக்குறைய 1,200 ஜூல் வேலை. தசை தன் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் என்பதால் செலவு சுமார் 1.2 கிலோகலோரி. ஒரு கடலைப் பருப்பு இரண்டு மாடி ஏற்றிவிடும்!

"அப்போ வயித்துக்குள்ள தீ எரியுதா?" பசித்தீ, வயிற்றெரிச்சல் என்றெல்லாம் பேசும் மொழி நம்முடையது, கேள்வி வராமல் இருக்காது. எரிவது உண்மைதான், ஆனால் வயிற்றில் இல்லை. உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும், செல்லின் குட்டி அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குள், சுடர் இல்லாமல், 37 டிகிரியிலேயே, படிப்படியாக. இதை முதலில் அளந்து காட்டியவர்கள் பாரிசில் லவாய்சியர், லாப்லாஸ் என்ற இரண்டு அறிவியலாளர்கள். 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கரியமில வாயு விட்டது என்று அளந்தார்கள். கரி எரிந்து அதே அளவு வாயு வரும்போது கிடைக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போயின. சுவாசம் ஒரு மெதுவான எரிதல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தது அப்படித்தான்.

செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை விளக்க டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு. கண்டக்டர் வாங்க மாட்டார். குளுக்கோஸ் அந்த நோட்டு. மைட்டோகாண்ட்ரியா அதைச் சில்லறையாக மாற்றித் தருகிறது. ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் முப்பது ஏ.டி.பி. மாற்றுவதற்குக் கமிஷன் உண்டு, பாதிக்கும் மேல். அந்தக் கமிஷன்தான் வெப்பம். உடம்பு கதகதப்பாக இருப்பது அதனால். பெரியவர் ஒருவர் நாளுக்கு 2,000 கிலோகலோரி செலவழித்தால் சராசரியாக 97 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று ஓயாமல் எரிவதற்குச் சமம். எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதும் உடம்பின் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்றால் பின் வரிசை உடனே, "படிச்சா இளைச்சுடுவேனா சார்?" என்று கேட்கும். கவலைப்படாதே, கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் மூளையின் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது சுண்ணாம்புத் தெளிநீர். இரண்டு கோப்பை. ஒன்றில் சைக்கிள் பம்பால் காற்றை அடியுங்கள். ஐம்பது முறை அடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மற்றதில் உறிஞ்சு குழலால் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். சில மூச்சிலேயே பால்போல் வெளுக்கும். குழலின் மேல்பகுதியில் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுவைத்தால் மறந்து உறிஞ்சினாலும் வாய்க்குள் வராது. நிறைய ஊதினால் வெண்மை மறைந்து மறுபடி தெளிந்துவிடும், வெளுத்ததும் நிறுத்துங்கள். இருபது முறை குதித்துவிட்டு வந்து ஊதினால் இன்னும் சீக்கிரம் வெளுக்கிறதா என்று நொடி எண்ணட்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் நேரம் குறிக்கட்டும்.

உள்ளே போகும் காற்றில் 0.04 சதவீதம் இருந்த கரியமில வாயு, வெளியே வரும்போது சுமார் 4 சதவீதம். கூடுதலாக வந்த கரி (கார்பன்) எங்கிருந்து வந்தது? இங்கே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான வேலை. எங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி மெதுவாக, "இட்லியா சார்?" என்றாள்.

பிறகு எடைக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். 180 கிராம் குளுக்கோஸ், 192 கிராம் ஆக்சிஜன், சேர்ந்து 372. வெளியே வருவது 264 கிராம் கரியமில வாயு, 108 கிராம் தண்ணீர், அதுவும் 372. எதுவும் மாயமாகவில்லை. ஆற்றலாக 'மாறிவிட்டது' என்று எழுதிவந்த பழக்கத்தை இந்த நான்கு எண்கள் நிறுத்திவிடும். இத்தாலியின் பதுவா நகர மருத்துவர் சாந்தோரியோ முப்பது வருடம் தராசு நாற்காலியில் உட்கார்ந்து, உண்டதையும் கழித்ததையும் நிறுத்துக்கொண்டே இருந்தார். எட்டுப் பவுண்டு உண்டால் மலமும் சிறுநீருமாக வெளியேறுவது மூன்றுதான் என்று 1614இல் எழுதினார். மீதி ஐந்து கண்ணுக்குத் தெரியாத வியர்வை என்று நினைத்தார். அதில் பெரும்பகுதி தோலிலும் மூச்சிலும் ஆவியாகும் தண்ணீர்தான். ஆனால் வாயுவாகப் போகும் கரி பற்றி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

என் இட்லியில் பாதிக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு மூச்சாகப் போயிற்று. கொஞ்சம் கிளைக்கோஜனாகவோ கொழுப்பாகவோ சேர்ந்தது. உளுந்துப் புரதத்தில் ஒரு பகுதி தேய்ந்த தசையையும் தோலையும் புதுப்பித்தது. வளரும் பிள்ளைகளிடம் இந்தக் கடைசிப் பங்கு அதிகம் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மதிப்பீடு

உறுப்புகளின் பெயரை எழுதச் சொல்லி மதிப்பெண் போட வேண்டாம். சுவரில் மாட்டிய செய்தித்தாள் உருவங்களை இறக்கி, வேறு நிற மையால் அவர்களே திருத்தட்டும். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து கால் தசைக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் அம்புக்குறி போட்டவர்களுக்கு முழு மதிப்பெண். பிறகு ஒரே கேள்வி: "ஒருவர் உடற்பயிற்சி செய்து 10 கிலோ கொழுப்பைக் குறைத்தார். அந்தக் கொழுப்பு எங்கே போயிற்று?" 8.4 கிலோ கரியமில வாயுவாக, 1.6 கிலோ தண்ணீராக என்று 2014இல் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே கேள்வியை அவர்கள் மருத்துவர்களிடமும் உணவியல் நிபுணர்களிடமும் கேட்டபோது, பெரும்பாலோர் ஆற்றலாகவோ வெப்பமாகவோ மாறிவிடுகிறது என்றுதான் சொன்னார்கள். எண்கள் சரியாக வர வேண்டியதில்லை. "மூச்சில்" என்ற ஒரு சொல் வந்தால் போதும். "வியர்வையில்" என்று எழுதியவருக்கும் கால் மதிப்பெண் கொடுப்பேன், சாந்தோரியோவுக்காக.

மிஞ்சிய சுண்ணாம்புத் தெளிநீரைக் கொட்டாமல் ஒரு அகலக் கிண்ணத்தில் ஊற்றி, மூடாமல் வகுப்பறை மூலையில் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலை அதன் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருக்கும். யாரும் அதில் ஊதவில்லையே, பிறகு எப்படி என்று ஒருவராவது கேட்பார். பதில் சொல்வதற்கு முன், நேற்று மாலை மணி அடிக்கும்வரை அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.